ஒரு பாத் உறையின் பேரேடு

1990களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு 25 தாய்லாந்து பாத். நம் காசில் சொன்னால் ஒரு பாத் என்பது ஏறக்குறைய ஒரு ரூபாய். தாய்லாந்து அரசு அப்போது ஓர் ஆணுறைக்குச் செலவழித்தது ஏறக்குறைய அந்த ஒரு பாத்தைத்தான். ஆண்டுக்குச் சுமார் 6 கோடி உறைகள். அவற்றுக்குச் சுமார் 22 லட்சம் டாலர். வகுத்தால் உறை ஒன்றுக்கு 4 சென்ட்கூட இல்லை. நாள் கணக்கில் பார்த்தால், தினமும் 1,64,000 உறைகள் அரசுக் கிடங்கிலிருந்து இலவசமாகப் போயின. போய்ச் சேர்ந்த இடம், 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் இருக்கவே கூடாத பாலியல் தொழில் விடுதிகள்.

அந்த ஒரு பாத்துக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போயிற்று என்று பற்று வரவு எழுதிப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. எய்ட்ஸ் வந்தபிறகு உடலுறவைப் பற்றிய எண்ணம் உலகம் முழுவதும் மாறியது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய எண்ணம் மாறியது, எந்த அறையில் மாறியது, எந்த அறைக்குள் அது நுழையவே இல்லை என்பதைப் பொதுப்பேச்சு காட்டாது. எண்களைக் கேட்டால்தான் தெரியும்.

கணக்கின் முதல் வரி அமெரிக்காவில் விழுந்தது. 1981 ஜூன் 5 அன்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 5 இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நுரையீரல் காய்ச்சலைப் பதிவு செய்தது. காரணமான கிருமி எது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே, 1983-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்கோவிட்ஸ், மைக்கேல் காலன் என்ற இரண்டு ஓரினச்சேர்க்கையாளர்கள், மருத்துவர் ஜோசப் சோனபெண்டின் துணையோடு 40 பக்கக் கைப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உறவை விட வேண்டியதில்லை, கிருமி கடக்கும் வழியை அடைத்தால் போதும் என்பது அதன் சாரம். அதுவரை ஆணுறை என்றால் பிள்ளை வேண்டாம் என்பவர்களின் பொருள். ஓர் ஆணும் இன்னோர் ஆணும் உறையைப் பற்றிப் பேசியதே அந்தக் காலத்துக்குப் புதிது.

அரசுகள் பிறகு வந்தன. பிரிட்டன் 1987-ல் சுமார் 2.3 கோடி வீடுகளுக்குத் துண்டறிக்கை அனுப்பியது. அமெரிக்கா 1988-ல் 8 பக்கச் சிற்றேடு ஒன்றை 10.7 கோடி வீடுகளுக்கு அஞ்சலில் சேர்த்தது. இரண்டும் தனி மனிதனைப் பார்த்து, "தெரிந்துகொள், நீயே முடிவு செய்" என்றன. ஏறத்தாழச் சம நிலையில் உள்ள இருவருக்கு அந்த அறிவுரை பயன்படும். ஒருவன் காசு கொடுத்தவன், மற்றவள் முன்பணக் கடனுக்காக விடுதியில் அடைபட்டவள் என்றால், அவளிடம் போய் "நீயே முடிவு செய்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. தாய்லாந்தின் கதை என்னை இழுத்தது இந்த இடத்தில்தான்.

அங்கே முதல் நோயாளி 1984-ல் அடையாளம் காணப்பட்டார், அமெரிக்காவிலிருந்து திரும்பியவர். அடுத்த சில ஆண்டுகள் இது வெளிநாட்டார் நோய் என்று பேசப்பட்டது. 1987-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்திருந்த அரசுக்கு நோயைப் பற்றிப் பேச மனமில்லை. பாங்காக்கில் ஊசிவழி போதை ஏற்றுபவர்களிடம் 1987 முடிவில் 1 சதவீதமாக இருந்த எச்.ஐ.வி., 1988 முடிவதற்குள் 40 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. 1989 ஜூனில் 14 மாகாணங்களில் முதல் முறையான ரத்தக் கணக்கெடுப்பு நடந்தது. சியாங் மாய் நகரத்தின் மலிவு விடுதிகளில் சோதிக்கப்பட்ட பெண்களில் 44 சதவீதம் பேருக்குத் தொற்று. 100 பேரில் 44 பேர். இந்த ஓர் எண்ணோடு வெளிநாட்டார் நோய் என்ற பேச்சு செத்துப்போயிற்று.

அந்தப் பெண்களிடம் வந்து போனவர்கள் யார்? 1990-ல் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று கேட்டபோது, 15 முதல் 49 வயது ஆண்களில் 22 சதவீதம் பேர் கடந்த ஓராண்டில் காசு கொடுத்து உறவு கொண்டதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல். படைக்கு ஆள் எடுக்கும் நாளிலும் முதல் சம்பள நாளிலும் நண்பர்கள் கூட்டமாகப் போவது அன்றைய ஆண்களுக்கு வழக்கம். மறைத்துப் பேசக்கூட வேண்டியதில்லை. விடுதிகளில் உறை அணிந்து நடந்த உறவு 1989-ல் 14 சதவீதம்தான். மீதி 86-ம் திறந்த கதவு.

பாங்காக்குக்கு மேற்கே ராட்சபுரி என்று ஒரு மாகாணம். நம்முடைய ராஜபுரி என்ற பெயரேதான், தாய்லாந்து மொழியின் நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. அந்த வட்டாரத்தின் தொற்றுநோய்த் தடுப்பு மையத்தில் பொறுப்பில் இருந்தவர் மருத்துவர் விவாத் ரோஜனபித்தயகோர்ன். உறை ஏன் அணிவதில்லை என்று அவர் விசாரித்தார். பெண்களுக்கு உறையின் பயன் தெரிந்தே இருந்தது. "வேண்டாம் என்றால் வந்தவன் அடுத்த விடுதிக்குப் போய்விடுவான், எங்கள் முதலாளி எங்களைத் திட்டுவார்" என்பதுதான் நிலைமை. முதலாளிக்கும் அதே பயம். தான் ஒருவர் மட்டும் கண்டிப்பாக இருந்தால் வியாபாரம் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

நோய்க்கூறு பிடிபட்டதும் மருந்து எளிதாயிற்று. எல்லாக் கடையும் ஒரே விதி வைத்தால், வந்தவனுக்குப் போக வேறு கடை இல்லை. உறை இல்லையென்றால் உறவு இல்லை. மறுப்பவனுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். விதி மாகாணத்தின் ஒவ்வொரு விடுதிக்கும் பொருந்தும். 1989 இறுதியில் மாகாண ஆளுநரையும் காவல்துறையையும் விடுதிக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து இது தொடங்கப்பட்டது. பாலியல் தொழிலாளர்களிடம் 13 சதவீதமாக இருந்த வெட்டை நோய் சில மாதங்களிலேயே 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

விதியைக் கண்காணித்த முறையை நான் வியக்கிறேன். விடுதிக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பால்வினை நோயோடு அரசு மருத்துவமனைக்கு வரும் ஆணிடம், எந்த விடுதிக்குப் போனாய் என்று ஒரே ஒரு கேள்வி. ஒரு விடுதியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே உறை அணியப்படவில்லை என்று பொருள். சுகாதார ஊழியர் போய் முதலில் விளக்குவார், உறைப் பெட்டிகள் கூடுதலாகக் கொடுப்பார். மறுபடியும் பெயர் வந்தால் எச்சரிக்கை. அதற்கும் மேல் போனால் காவல்துறை கடையை மூடும். பழி பெண்ணின் தலையில் விழவில்லை. பொறுப்பு கடைக்காரருடையது என்று எழுதப்பட்டது. எத்தனை சுவரொட்டி ஒட்டியிருந்தாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகியிருக்காது என்பது என் கணிப்பு.

1991 பிப்ரவரியில் ராணுவப் புரட்சி. அதன்பின் ஆனந்த் பன்யாரச்சுன் பிரதமரானார். எய்ட்ஸ் குழு சுகாதார அமைச்சகத்திலிருந்து பிரதமரின் நேரடித் தலைமைக்கு மாறியது. குழுவின் குரலாக இருந்தவர் மீச்சாய் வீரவைத்யா. 1974 முதல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஊர் ஊராய்ப் போய், உறையைப் பலூனாக ஊதும் போட்டி வைத்து, ஆசிரியர்களையும் போலீஸ்காரர்களையும் சிரிக்க வைத்தே கூச்சத்தைக் கரைத்தவர். தாய்லாந்துப் பேச்சுவழக்கில் உறைக்கே "மீச்சாய்" என்று பெயர் வந்துவிட்டது. நம்மூரில் "நிரோத்" என்ற அரசுப் பெட்டியின் பெயர் பொருளின் பெயரானதுபோல. 1991 ஆகஸ்டில் ராட்சபுரி விதி நாட்டின் விதியாயிற்று. 1992-க்குள் எல்லா மாகாணங்களிலும் அது நடப்புக்கு வந்தது. அரசுக்கும் ராணுவத்துக்கும் சொந்தமான வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் அனைத்தும் நாள்தோறும் எய்ட்ஸ் செய்தி சொல்ல வேண்டும் என்று ஆணை.

இனி வரவுப் பக்கம்.

விடுதிகளில் உறை அணிந்த உறவு: 1989-ல் 14 சதவீதம், 1993-ல் 94 சதவீதம். நான்கே ஆண்டுகள்.

அரசு மருத்துவமனைகளில் பதிவான ஐந்து முக்கியப் பால்வினை நோய்கள்: 1987-ல் 4,10,406 பேர். 1994-ல் 27,362 பேர். 15 பேர் வந்த இடத்தில் ஒருவர். இந்த எண்ணை நான் உறைக் கணக்கைவிட அதிகம் நம்புகிறேன். உறை அணிந்தேன் என்று வாயால் சொல்லிவிடலாம்; வெட்டை நோய் பொய் சொல்லாது. அது சில நாட்களிலேயே தெரிந்துவிடும் நோய், எச்.ஐ.வி.யைப் போலப் பல ஆண்டுகள் பதுங்கி இருப்பதல்ல. அது சரிந்தால், திறந்திருந்த கதவுகள் உண்மையாகவே மூடப்பட்டன என்று பொருள்.

காசு கொடுத்து உறவு கொண்ட ஆண்கள்: 1990-ல் 22 சதவீதம், 1993-ல் 10 சதவீதம்.

புதிய தொற்றுகள்: 1991-ல் 1,43,000 என்று கணிக்கப்பட்டது. நாளுக்கு 390-க்கும் மேல். 2003-ல் 19,000, நாளுக்கு 52.

இந்த எண்களுக்கு நடுவே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆண்கள் மாறியது விதிக்குப் பயந்தா, மனம் மாறியா? உறை அணிவது விதியால் வந்திருக்கலாம். விடுதிக்குப் போகும் வழக்கமே பாதியாகக் குறைந்ததை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லையே.

இதைப் பிரித்துப் பார்க்கத் தாய்லாந்தில் அருமையான ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே 21 வயது ஆண்கள் ஆண்டுதோறும் ஏப்ரலில் சீட்டுக் குலுக்கலில் நிற்கிறார்கள். சிவப்புச் சீட்டு எடுத்தால் படை, கறுப்புச் சீட்டு எடுத்தால் வீடு. ஆகவே படைக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய அந்த வயது ஆண்கள் அனைவரின் மாதிரி. விரும்பி வந்தவர்கள் மட்டுமல்ல. வடக்கு மாகாணங்களிலிருந்து 1991 முதல் 1995 வரை படைக்கு எடுக்கப்பட்ட 4,311 இளைஞர்களை ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தும் கேள்வி கேட்டும் பதிவு செய்தார்கள்.

1991-ல் வந்தவர்களில் 57.1 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் விடுதிக்குப் போயிருந்தார்கள். 1995-ல் 23.8 சதவீதம். கடைசியாகப் போனபோது உறை அணிந்தவர்கள் 1991-ல் 61 சதவீதம், 1995-ல் 92.5 சதவீதம். வாழ்நாளில் ஒருமுறையேனும் பால்வினை நோய் கண்டவர்கள் 42.2-லிருந்து 15.2-க்கு இறங்கினார்கள். எச்.ஐ.வி. 1991, 1993 ஆண்டுகளில் 10.4 முதல் 12.5 சதவீதம் வரை இருந்தது, 1995-ல் 6.7 ஆயிற்று. 1992-க்கு முன் பாலியல் தொழிலாளியிடம் போகாதவர்களிடம் அது 0.7 சதவீதம்தான்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆயிரம் இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ன் எண்படி 571 பேர் போனார்கள், அவர்களில் 39 சதவீதம் பேர் உறையில்லாமல். அதாவது 223 பேர். 1995-ன் எண்படி 238 பேர் போனார்கள், 7.5 சதவீதம் பேர் உறையில்லாமல், 18 பேர். 223 என்பது 18 ஆகியிருக்கிறது. உறைப் பழக்கம் மட்டும் மாறி, போவது அப்படியே இருந்திருந்தால் 43 பேர் மிஞ்சியிருப்பார்கள். போவது மட்டும் குறைந்து, உறைப் பழக்கம் அப்படியே இருந்திருந்தால் 93 பேர். இரண்டும் சேர்ந்ததால்தான் 18. விதி செய்த வேலை பெரிது, மனம் செய்த வேலையும் சிறிதல்ல. உறையைப் பரப்பினால் ஒழுக்கம் கெடும், இளைஞர்கள் துணிந்து போவார்கள் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 6 கோடி உறைகளை இலவசமாகக் கொடுத்த நாட்டில் போனவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

பணக்கணக்கும் உண்டு. உலக வங்கி 2006-ல் வெளியிட்ட ஆய்வு, தாய்லாந்து தடுப்புக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலரும் சிகிச்சைச் செலவில் 43 டாலரை மிச்சப்படுத்தியது என்று கணித்தது. 1-க்கு 43. அதிலும் மருந்து, மருத்துவமனைச் செலவு மட்டுமே சேர்ந்திருக்கிறது. மகனைப் படுக்கையில் வைத்துக் கழுவித் துடைத்த தாயின் கூலி அதில் இல்லை. பள்ளியை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்துக்கொண்ட பெண் குழந்தையின் படிப்பும் இல்லை.

பற்றுப் பக்கத்தை இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

முதல் வரி அந்த விடுதிப் பெண்களுடையது. விதி வருவதற்கு முன்பே தொற்று வாங்கிவிட்டவர்களை விதி காப்பாற்றவில்லை. சியாங் மாயின் 44 சதவீதப் பெண்களுக்கு அன்று மருந்தே கிடையாது. திட்டம் முதலில் காத்தது வாடிக்கையாளரை. பெண்களுக்கோ வாரந்தோறும் பரிசோதனை, பதிவேடு, காவல்துறையின் கண். அவர்களைக் கலந்து பேசாமலே அவர்கள் உடலின் மேல் விதி எழுதப்பட்டது என்று உரிமை ஆர்வலர்கள் பின்னாளில் குறை சொன்னார்கள்; அந்தக் குறை நியாயமானது. கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சியில் 1992-ல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய வேலை வேறு வழியில் போனது. அங்கே தொழிலாளர்களே சங்கமாகி, தாங்களே உறையைக் கேட்கும் பலத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். எண்கள் இரண்டு இடத்திலும் உயர்ந்தன. ஆனால் கேட்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு, அதை எந்தச் சதவீதமும் சொல்லாது.

இரண்டாவது வரி தாய்லாந்தின் லோப்புரியில் இருக்கிறது. அங்கே ஒரு புத்த விகாரை, வாட் பிரபாத் நம்பூ, 1992 முதல் கைவிடப்பட்ட எய்ட்ஸ் நோயாளிகளை ஏற்றது. இறந்தவர்களின் சாம்பலை வாங்கிக்கொள்ளக் குடும்பங்கள் வரவில்லை. சாம்பல் நிரம்பிய சின்னச் சின்னத் துணிப்பைகள் அங்கே குவிந்தன. உறையை ஏற்றுக்கொண்ட சமூகம் நோயாளியை ஏற்கவில்லை. உறவைப் பற்றிய எண்ணம் மாறிய வேகத்தில் தொற்று கண்ட மனிதரைப் பற்றிய எண்ணம் மாறவில்லை.

மூன்றாவது, கணக்கிலேயே எடுக்கப்படாதவர்கள். விதி, பெண்கள் இருக்கும் விடுதிக்கு எழுதப்பட்டது. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றி அது பேசவில்லை. பாங்காக்கில் அவர்களிடம் 2003-ல் எடுத்த கணக்கில் தொற்று 17.3 சதவீதம், 2005-ல் 28.3, 2007-ல் 30.8. நாடு முழுவதும் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தக் கோடு மேலே ஏறியது. உலகத்தில் பாதுகாப்பான உறவு என்ற யோசனையை முதலில் எழுதி வைத்தவர்களே ஓரினச்சேர்க்கையாளர்கள்தான் என்பதை நினைக்கும்போது இந்த எண் மனதை அறுக்கிறது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மேலும் மோசமாயிற்று. 2000-ல் தாய்லாந்தின் எய்ட்ஸ் நிதியில் தடுப்புக்குப் போனது 8 சதவீதம்தான்.

நான்காவது வரியில் நான் நின்றுவிடுகிறேன். மனைவி.

விடுதியில் 94 சதவீதம் உறை அணிந்த அதே ஆண்கள் வீட்டில் அணியவில்லை. முன்பே தொற்று வாங்கியவர்கள் அதைத் தெரியாமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். உறை என்றால் விடுதி என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்ததன் மறுபக்கம் இது. வீட்டில் உறையை எடுத்தால், "என்னை யார் என்று நினைத்தாய்" என்ற கேள்வி அவளிடமிருந்தோ அவனிடமிருந்தோ வரும். 2005-ல் தாய்லாந்தின் புதிய தொற்றுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, பெரும்பாலும் கணவனிடமிருந்து தொற்று பெற்ற மணமான பெண்களுடையது என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு கணித்தது. 2009-ல் அதே அமைப்பு, கணவன் அல்லது நெருங்கிய துணையிடமிருந்து தொற்று வரும் ஆபத்தில் ஆசியா முழுவதும் 5 கோடிப் பெண்கள் இருப்பதாகச் சொன்னது. ஆசியாவில் தொற்றோடு வாழ்பவர்களில் பெண்களின் பங்கு 1990-ல் 17 சதவீதம், 2008-ல் 35.

இந்த நான்காவது வரிக்கு நம் ஊரிலும் ஒரு பக்கம் இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். முதலில் 6 பேருக்குத் தொற்று தெரிந்தது. இது வெளிநாட்டார் நோய், நம் பண்பாட்டுக்கு வராது என்ற பேச்சு இங்கேயும் அன்று உடைந்தது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் அந்த அமைப்பு முறையை எடுத்துக்கொண்டன. லாரி நிறுத்தங்களில் உறைப் பெட்டிகள் வந்தன. 2003 வாக்கில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி சுவர் சுவராக நின்றதை அந்தக் காலத்தில் பேருந்தில் போன எவரும் மறந்திருக்க மாட்டார்கள். முகம் சுளித்தவர்களும் அதைப் பேசினார்கள்.

பலன் கிடைத்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்த 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் தொற்று 2000-ல் 1.7 சதவீதம், 2004-ல் 1.1 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இந்தக் குறைவை 2006-ல் "லான்செட்" இதழ் வெளியிட்டது. ஆண்கள் பாலியல் தொழிலாளர்களிடம் போவது குறைந்ததோ, போகும்போது உறை அணிவது கூடியதோ காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாய்லாந்தின் வரவுப் பக்கம்தான், எழுத்து மட்டும் தமிழ்.

பற்றுப் பக்கமும் அப்படியே. சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்குச் சிகிச்சைக்கு வந்த 134 பெண்களின் குறிப்புகளை வைத்து ஓர் ஆய்வு 2000-ல் வந்தது. அவர்களில் 81 சதவீதம் பேர் இல்லத்தரசிகள். 95 சதவீதம் பேர் திருமணமானவர்கள் அல்லது கணவரை இழந்தவர்கள், பிரிந்தவர்கள். 88 சதவீதம் பேருக்குத் தொற்றுக்கான வழி, ஒரே ஒரு துணையோடு இருந்த உறவு. ஒருவனுக்கு ஒருத்தி என்று நாம் காலம் காலமாகச் சொல்லிவந்த பாதுகாப்பு அந்தப் பெண்களைப் பாதுகாக்கவில்லை. அவர்கள் விதியைக் கடைப்பிடித்தார்கள். விதி அவர்களுக்கு மட்டும் இருந்தது.

உறையை இங்கே முதலில் கொண்டுவந்தது எய்ட்ஸ் அல்ல என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1968-ல் "நிரோத்" 3 உறை 15 காசுக்கு வந்தது. உறை ஒன்றுக்கு 5 காசு. தேயிலையும் சோப்பும் விற்ற கம்பெனிகளின் வண்டிகளிலேயே அது ஊர்க் கடைகளுக்குப் போனது. அன்று அது குடும்பத்தின் பொருள், கணவனும் மனைவியும் முக்கோணச் சின்னமுமாக விளம்பரப்படுத்தப்பட்டது. எய்ட்ஸ் வந்தபிறகு அது வெளியே போகிறவனின் பொருளாக மாறிவிட்டது. தொற்றைத் தடுக்க அந்த மாற்றம் தேவைப்பட்டது, ஆனால் வீட்டிலிருந்து அது இன்னும் தூரமாகிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மணமான தம்பதிகளில் கருத்தடைக்கு ஆணுறையைப் பயன்படுத்துவோர் 9.5 சதவீதம். பெண்கள் செய்துகொண்ட கருத்தடை அறுவை 37.9 சதவீதம். ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. அறுவை முடிந்துவிட்ட வீட்டில் உறைக்கு என்ன வேலை என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் கணவர். அவரிடம் கேட்கும் தைரியத்தை எந்தத் திட்டமும் மனைவிக்குக் கொடுக்கவில்லை. ராட்சபுரியில் கடைக்காரர்மேல் சுமத்திய பொறுப்பை வீட்டில் யார்மேல் சுமத்துவது என்பதற்கு 35 ஆண்டுகளாக யாரும் விதி எழுதவில்லை.

தாய்லாந்து இன்னொரு வரியையும் எழுதிக் காட்டியது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சோதனை, தொற்று இருந்தால் இலவச மருந்து என்று வைத்ததில், தாயிடமிருந்து தொற்றோடு பிறந்த குழந்தைகள் 2000-ல் சுமார் 1,000 பேராக இருந்தது 2015-ல் 85 ஆயிற்று. 2016 ஜூனில் உலக சுகாதார நிறுவனம், தாய்-சேய்த் தொற்றை ஒழித்த முதல் ஆசிய நாடாக அதை அறிவித்தது. சோதனையும் மருந்தும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. உறைதான் இன்னும் வாசலில் நிற்கிறது.

வாசகர்களிடம், குறிப்பாகத் திருமணமான ஆண்களிடம், ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" என்ற பலகை இருக்கும். அங்கே எச்.ஐ.வி. சோதனை இலவசம், ஆலோசனை இலவசம், விவரம் வெளியே போகாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கிறது. தொற்று இருந்தால் கூட்டு மருந்தும் இலவசம். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம். அதற்கும் காசு இல்லை. மனைவி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே போய்ச் சோதித்துக்கொண்டு, முடிவை அவரிடம் சொல்லுங்கள்.